பேராண்டி, பீட்டர் வுடு!

மொதல்ல உன்னைப் பாராட்டிடறேன் பேராண்டி, அப்பால மத்ததப் பேசலாம். மூணு வருசமா கும்மிடிப்பூண்டி யூனிட் வண்டில தொங்கிக்கினு பட்டணத்துக் காலேஜுக்குப் போற. பாடம் இங்கிலீஷ்ல நடத்தறாங்க, பரிச்சைய இங்கிலீஷ்ல எழுதற, அரியர் கூட இல்லாம பாஸ் பண்ற. இவ்ளோத்தையும் பண்ணிட்டு ஒரு வாக்கியம் கூட வாய்வழியா வெளிய போவாம காபந்து பண்ணி வெச்சிருக்கிற பாரு, அந்தக் கட்டுப்பாடு சாமியாருங்களுக்கே வராது.

போன வாரம் ஆள் எடுக்க வந்தவன் பத்துப் பேரை வட்டமா ஒக்கார வெச்சி, சோஷியல் மீடியா நல்லதா கெட்டதான்னு பேசச் சொன்னானாமே. ஜிடின்னு பேராமே அதுக்கு. நீ கடைசி வரைக்கும் தலைய மட்டும் ஆட்டிட்டு வந்தியாமே. நல்லதுன்னு சொன்னவனுக்கும் ஆமாம், இல்ல கெட்டதுன்னு மறுத்தவனுக்கும் ஆமாம். இவ்ளோ பெருந்தன்மையான புள்ளைய எந்தக் கம்பெனியாவது வேணாம்னு சொல்லுமான்னு நெனச்சேன். சொல்லிட்டான்.

ராத்திரி மொட்டை மாடில நடந்துக்கினே நீ மனப்பாடம் பண்றதையும் கேட்டேன். ‘மை ஃபாதர் இஸ் எ ஃபார்மர், மை மதர் இஸ் எ ஹவுஸ் ஒய்ஃப், மை ஸ்ட்ரெந்த் இஸ் ஹார்ட் ஒர்க்.’ ஏன்டா, உங்கப்பன் நெலத்துல கால் வெச்சி எவ்ளோ காலம் ஆச்சின்னு அவனையே கேளு. சிப்காட்ல ஃபோர்க்லிஃப்ட் ஓட்டறான். உங்கம்மா காலைல இருட்டோட எழுந்து கம்பெனி பஸ் புடிச்சி, தடா தாண்டி ஸ்ரீசிட்டிக்குப் போயிட்டு வர்றா. இதுல ஃபார்மர் யாரு, ஹவுஸ் ஒய்ஃப் யாரு? உன் சிநேகிதனுங்க மூணு பேரும் அதே வரியத்தான் ஒப்பிக்கறானுங்க. கேக்கறவன் இன்னா நெனப்பான்? கும்மிடிப்பூண்டி தாலுக்காவுல மொத்தமே ஒரு குடும்பம்தான் கீது போலன்னு எழுதிக்கினு போயிடுவான்.

கெழவனுக்கு இங்கிலீஷப் பத்தி இன்னா தெரியும்னு முணுமுணுக்காத. இரும்பு உருக்கற மில்லுல எடை மேடைல ஒக்காந்து காலம் தள்ளினவன் நான். கிராஸ், டேர், நெட். லோடோட லாரி ஏறினா வர்றது கிராஸ். எறக்கிட்டு வெறும் வண்டியா ஏறினா டேர். கழிச்சா நெட். மொதலாளி காசு குடுக்கறது நெட்டுக்குத்தான். உன் பேச்சையும் ஒரு நாள் மேடைல ஏத்திப் பாத்தேன். ‘இன் டுடேஸ் மாடர்ன் வேர்ல்ட்’, ‘எவ்ரி காயின் ஹேஸ் டூ சைட்ஸ்’, ‘லாஸ்ட் பட் நாட் லீஸ்ட்’. கிராஸ் பத்து டன் காட்டுச்சி. எவன் வேணா எந்தத் தலைப்புக்கு வேணா சொல்லக்கூடிய வார்த்தைய எல்லாம் டேர்னு கழிச்சேன். நெட்டு, டிரைவர் பாக்கெட்டுல கெடந்த பீடிக்கட்டு அளவுக்குக் கூட வரல.

கேட்டா வொக்காபுலரி இல்ல தாத்தான்ற. வார்த்தை கெடக்குது, வுடு. சோஷியல் மீடியாவப் பத்தித் தமிழ்ல ரெண்டு நிமிசம் பேசுன்னா பேசுவியா? அதுவும் மாட்ட. சொல்றதுக்கு விசயம் கைல இல்லடா உனக்கு. விசயம் இருந்த அன்னிக்கு நீ எப்டிப் பேசினன்னு எனக்குத் தெரியும்.

2024 அக்டோபர் 11, ஆயுத பூசை. ராத்திரி எட்டரை மணி. மைசூர்லேர்ந்து தர்பங்கா போற பாக்மதி எக்ஸ்பிரஸ் கவரப்பேட்டைல நின்னுக்கினு இருந்த கூட்ஸ் வண்டி மேல போய் ஏறிச்சி. நீயும் உன் கூட்டாளிங்களும் ஓடினீங்க. செல்லு வெளிச்சத்துல ஜனங்கள எறக்கி வுட்டீங்க, தண்ணி குடுத்தீங்க. அதுல உன்னைக் கொறை சொல்ல மாட்டேன். அப்பால ஒரு வடக்கத்தி டிவிக்காரன் வந்து மைக்க உன் மூஞ்சிக்கு நேரா நீட்டினான். நீ பக்கத்துல இருந்த லைட்டுக் கம்பத்துக்குப் பின்னாடி போய் நின்னுக்கின. கம்பம் உன்ன வுட ஒல்லி.

அதே நீ வூட்டுக்கு வந்து எனக்கு வெலாவாரியா சொன்ன. மெயின் லைனுக்குத்தான் சிக்னல் தாத்தா, ஆனா வண்டி லூப் லைன்ல பூந்துடுச்சி, அங்க கூட்ஸ் நின்னுக்கினு இருந்துச்சி, பார்சல் வேன்ல நெருப்பு, கோச்சுங்க தடம் பெரண்டு கெடக்குது, நல்லவேளை ஒரு உசுரும் போவலன்ன. இப்ப நான் கேக்கறேன். சிக்னல், மெயின் லைன், லூப் லைன், கூட்ஸ், பார்சல் வேன், கோச், இதெல்லாம் எந்த பாஷை? நடுவுல கெடந்த தமிழ எடுத்துட்டு வாஸ், வென்ட், பட்டுன்னு மூணு வார்த்தையச் சொருகினா முடிஞ்சுபோச்சி. ‘தி சிக்னல் வாஸ் ஃபார் மெயின் லைன். பட் தி ட்ரெயின் வென்ட் டு லூப் லைன். எ கூட்ஸ் ட்ரெயின் வாஸ் ஸ்டாண்டிங் தேர்.’ அந்த மைக்குக்கு இது போதும். இலக்கணம் தப்பா இருந்தா டில்லிக்காரன் இன்னா உன் ரேஷன் கார்டையா புடுங்கிக்கப் போறான்?

அப்புறம்தான் ருசியே. கோளாறா, எவனாவது கழட்டி வுட்டானா, பாயின்ட் ஏன் லூப்புக்குத் திரும்பிச்சின்னு எத்தனை நாள் டீக்கடைல மண்டைய ஒடைச்சிக்கினோம். அந்தச் சண்டையையே இங்கிலீஷ்ல போட்டிருந்தா உனக்கு ‘ஒய்’ வந்திருக்கும், ‘பிகாஸ்’ வந்திருக்கும், ‘ஐ டோன்ட் அக்ரீ’ வந்திருக்கும். ஆள் எடுக்கறவன் வட்டமா ஒக்கார வெச்சிப் பாக்கறது இந்த மூணத்தான்.

விசயம் இருந்தா பாஷை தானா வரும்ன்றது என் சொந்தச் சரக்குன்னு நெனச்சிக்காத. பெரியபாளையத்துக்கு ஆடி மாசம் வேப்பஞ்சேல கட்ட உங்க ஆயாளக் கூட்டிக்கினு போறோமே, அந்த ஊர்லதான் 1754ல பச்சையப்ப முதலியார் பொறந்தாரு. பொறக்கறதுக்கு முன்னாடியே அப்பன் செத்துட்டான். வளர்ந்து வெள்ளைக்காரனுக்கும் நம்ம ஜனத்துக்கும் நடுவுல நின்னு யாவாரம் பேசற துபாஷி ஆனாரு. ‘முப்பது நாள்ல ஆங்கிலம்’ போஸ்டர் எந்தக் கம்பத்துல ஒட்டியிருந்துச்சி அப்ப? பேரம் படிஞ்சாத்தான் சோறுன்னா நாக்கு தானா சொழலும். 1794ல அவரு போனதுக்கப்பால அவரோட சொத்து கோர்ட்டு வழக்குன்னு ரொம்ப வருசம் கெடந்து, கடைசில 1842ல அந்தத் தரும காசுல பட்டணத்துல பள்ளிக்கூடம் தொறந்தாங்க. அதுதான் பச்சையப்பன் காலேஜு ஆச்சி.

அங்க வாத்தியாரா இருந்த ரெண்டு பேரு, திருவையாத்து ஜி. சுப்பிரமணிய ஐயரும் செங்கல்பட்டு வீரராகவாச்சாரியாரும். ஒருத்தருக்கு வயசு 23, இன்னொருத்தருக்கு 21. உன் வயசுடா! இவங்களும் சட்டம் படிச்சிக்கினு இருந்த நாலு பசங்களும் திருவல்லிக்கேணி இலக்கியச் சங்கம்னு ஒண்ணுல கூடி நாட்டு நடப்பப் பேசுவாங்க. இங்கிலீஷ்லதான். 1878ல முத்துசாமி ஐயரை மெட்ராஸ் ஹைகோர்ட்டு ஜட்ஜா போட்டாங்க. நம்மாளு ஒருத்தர் அந்த நாற்காலில ஒக்கார்றது அதான் மொத தடவ. வெள்ளைக்காரன் நடத்தின பேப்பருங்களுக்குப் பொறுக்கல, கன்னாபின்னான்னு எழுதினான். இவங்களுக்கு ரத்தம் கொதிச்சிச்சி. பதில் சொல்ல ஒரு பேப்பரு வேணும். கைல காசு இல்ல. ஒண்ணே முக்கா ரூவா கடன் வாங்கி, மின்ட் தெருவுல ஒரு அச்சகத்துல 80 காப்பி அடிச்சாங்க. அந்த வருசம் செப்டம்பர் 20. அதுதான் இன்னிக்கு நீ கைல மடக்கிப் புடிச்சிக்கினு போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போடறியே, அந்த ‘தி ஹிந்து’.

அந்த ஆறு பேரும் சங்கத்துல கூடி ‘சோஷியல் மீடியா நல்லதா கெட்டதா’ன்னு பேசிக்கினு இருந்தா பேப்பரு வந்திருக்குமா? அந்த வாரம் அந்த ஊர்ல எது நெருப்பாட்டம் எரிஞ்சுதோ அதைப் பேசினாங்க. 1885ல பம்பாய்ல காங்கிரசோட மொத மாநாட்டுல மொதத் தீர்மானத்தக் கொண்டுவந்தவரு இந்த சுப்பிரமணிய ஐயருதான். அதுக்கு முன்னாடியே, 1882ல, சுதேசமித்திரன்னு தமிழ்ப் பேப்பரும் ஆரம்பிச்சிட்டாரு. இங்கிலீஷ் வந்ததும் தமிழ் நாக்குல ஒட்ட மாட்டேங்குதுன்னு அவரு சொன்னதா தெரியல. உன் கிளாஸ்ல ரெண்டு பேரு சொல்றானுங்கன்னு கேள்வி.

அதே பச்சையப்பன் காலேஜுல படிச்ச அண்ணாதுரை 1962 மே 1ந் தேதி ராஜ்யசபாவுல மொத மொதல்ல எழுந்து இங்கிலீஷ்ல பேசினாரு. ஊரே கொதிச்சிக்கினு இருந்த விசயத்தத்தான் பேசினாரு. சபை கேட்டுச்சி.

சரி, உன் பெரிய பயத்துக்கு வரேன். வாயத் தொறந்தா பின் பெஞ்சுலேர்ந்து ‘பீட்டர் வுடறான் மச்சி’ன்னு ஒருத்தன் சொல்லுவான், பத்துப் பேரு சிரிப்பான். உள்ளபடியே பயங்கரம்தான். புலி கடிச்சிருந்தா கூட நஷ்ட ஈடு கெடைக்கும். ஆனா ஒண்ணு கவனிச்சியா? சிரிக்கறவன் ஒருத்தனும் இங்கிலீஷ் தெரிஞ்சவன் இல்ல. தெரிஞ்சவன் சிரிக்க மாட்டான், அவனும் இப்டித் தடுக்கி வுழுந்து எழுந்தவன்தான். உனக்கும் பின் பெஞ்சுக்காரனுக்கும் சேத்து வேலை போவுது, அப்பால ரெண்டு பேரும் ஒரே டீக்கடைல ஒக்காந்து நாட்டுல வேலையே இல்லன்றீங்க.

அந்த டீக்கடை மாஸ்டரையே பாரு. சிப்காட் கேட்டாண்ட கடை. ஒரிசாக்காரன், பீகாரி, உத்தரப்பிரதேசத்துக்காரன்னு ஷிப்டு வுட்டதும் கூட்டமா வருவான். நம்ம மாஸ்டரு அஞ்சாங்கிளாஸ் தாண்டாதவரு. ஒரு பொங்கலுக்கும் அடுத்த பொங்கலுக்கும் நடுவுலயே இந்தி கத்துக்கினு, அதுல பேரம் பேசறாரு, கடன் கேக்கறாரு, திட்டறாரு. அவரு பேசற இந்தியக் கேட்டா அந்தப் பசங்க வயித்தப் புடிச்சிக்கினு சிரிக்கறான். சிரிச்சிக்கினே இன்னொரு போண்டா வாங்கறான். மாஸ்டருக்கு வெக்கமா? கல்லாவப் பாத்தா அப்டித் தெரியல.

எங்க காலத்துல தெலுங்கும் அப்டித்தான். ஆரம்பாக்கம் தாண்டினா அந்த ஊரு, இந்தப் பக்கமும் பாதி வூட்டுல அந்தப் பேச்சு. மாட்டுச் சந்தைல பல்லு போன மாட்ட தலைல கட்டினவனைத் திரும்பப் போய்ப் புடிச்சி நாலு கேள்வி கேக்கறதுக்காவ கத்துக்கினோம். சண்டை போடறதுக்குக் கத்துக்கின பாஷை மறக்காதுடா.

சர்க்காரும் 2022ல நான் முதல்வன்னு ஆரம்பிச்சி காலேஜுப் பசங்களுக்கு இங்கிலீஷ் பேசவும் சொல்லித் தருது. நீ அட்டெண்டன்ஸ் குடுத்துட்டு கேன்டீனுக்குப் போயிடறியாம். நல்லது, சமோசாவுக்கும் ஆள் வேணுமில்ல.

நீ தெனம் போற வண்டிலயே ஒரு வருசத்துக்குப் பாடம் கீது. காலைல நாலு பேரு எப்பவும் ஒரே பெட்டில ஏறி செல்ல நோண்டிக்கினு போறீங்க இல்ல, அதக் கொஞ்சம் பாக்கெட்டுல போடு. கவரப்பேட்டை வந்தா அந்த ரயில் கதை. பொன்னேரில எறாலு. பழவேற்காட்டுப் பக்கம் எறாக்குட்டை வெச்சிருக்கிறவன் வயிறு 2025 ஆகஸ்டுல கலங்கிச்சே, அமெரிக்காவுல ட்ரம்ப் 50 சதவீதம் வரி போட்டான்னு. அங்க ஒருத்தன் கையெழுத்துப் போட்டா இங்க குட்டைல கெடக்கற எறாலுக்கு ஏன் வெலை எறங்குது? மீஞ்சூர் வர்றதுக்குள்ள ஒருத்தன் இதை இங்கிலீஷ்ல சொல்லட்டும், மத்தவன் ஏன் ஏன்னு கேக்கட்டும்.

மீஞ்சூருக்குக் கேலியான கதை ஒண்ணு கீது. பட்டணத்துக்குக் குடிதண்ணி வேணும்னு நம்ம பக்கத்துப் பூமில போர் போட்டு வருசக்கணக்கா உறிஞ்சினாங்க. உறிஞ்ச உறிஞ்ச கடல் தண்ணி உள்ள பூந்து கெணறு கெணறா உப்பாச்சி. 2010ல காட்டுப்பள்ளில கடல் தண்ணியக் குடிதண்ணியாக்கற ஆலை தொறந்தாங்க, ஒரு நாளைக்குப் பத்துக் கோடி லிட்டர். நல்ல தண்ணிய உப்பாக்கிட்டு, உப்புத் தண்ணிய நல்லதாக்கறோம். இதைச் சிரிக்காம இங்கிலீஷ்ல சொல்லிட்டின்னா நீ கலெக்டர் பரிச்சையே எழுதலாம்.

அத்திப்பட்டு தாண்டினா அனல் மின் நிலையத்துச் சாம்பல். எண்ணூர்ல, 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயலோட சேந்து எண்ணெய் ஆத்துல எறங்கி, மீன் புடிக்கறவங்க பக்கெட்டுல மொண்டு மொண்டு வாரினாங்களே, அது. அந்த மாசக் கடைசிலயே அமோனியா கசிஞ்சி ராத்திரில ஜனம் வூட்ட வுட்டு ஓடிச்சே, அதுவும். ‘பொல்யூஷன் இஸ் எ குளோபல் இஷ்யூ’ன்னு நீ ஜிடிக்கு மனப்பாடம் பண்ணிக்கினு போறப்ப, ஜன்னலுக்கு வெளிய அந்த இஷ்யூ ஸ்டேஷன் பேரோட நிக்குது. நீ தலை குனிஞ்சி ரீல்ஸ் பாத்துக்கினு தாண்டற.

நாட்டு நடப்புன்னா அடிதடி மட்டுந்தான்னு நெனச்சிக்காத. ஒரு நாளைக்கு அத்திரம்பாக்கத்த எடு. கொசஸ்தலையாத்துப் பக்கம், நம்ம திருவள்ளூர் ஜில்லா. 1863ல ராபர்ட் புரூஸ் ஃபூட்டுன்னு ஒரு வெள்ளைக்காரரு அங்க ஆதி மனுசன் கல்லுல செஞ்ச ஆயுதத்தக் கண்டெடுத்தாரு. அப்பால நம்மாளுங்களே வருசக்கணக்கா தோண்டி, 2018ல ‘நேச்சர்’னு உலகப் பத்திரிகைல எழுதினாங்க. 3,85,000 வருசம்னு கணக்கு சொல்லுது ஒரு வகை ஆயுதத்துக்கு. உன் ஜில்லாவப் பத்தி லண்டன்ல படிச்சிட்டான், நீ இன்னும் ‘மை நேட்டிவ் இஸ் நியர் சென்னை’ன்னு நிறுத்திக்கற.

மொத நாள் தமிழ்லயே பேசு. யாரு, எங்க, எப்ப, ஏன்னு நாலையும் உங்க ஆயாளுக்குப் புரியற மாதிரி சொல்லிப் பாரு. அவளுக்குப் புரியலன்னா உனக்கே புரியலன்னு அர்த்தம். அப்பால அதையே வண்டில இங்கிலீஷ்ல சொல்லு. வார்த்தை நடுவுல மாட்டிக்கினா தமிழ்லயே போட்டு நகத்திக்கினு போ, ராத்திரி வந்து தேடிக்கலாம். பேச்ச நிறுத்தாத. ஆளுக்கொரு பக்கம் பிரிச்சிக்கணும், உனக்குப் புடிக்காத பக்கத்தையும் நாலு நாளைக்கு ஒரு தரம் நீ பேசியாவணும். அப்பத்தான் எதிராளி எங்க மடக்குவான்னு தெரியும். தப்பைத் திருத்தறவன் பேசி முடிச்சதுக்கப்பால திருத்தட்டும். நடுவுல பூந்து ‘ஹேஸ் இல்ல மச்சி, ஹேவ்’ன்னு சொல்றவன் அடுத்த ஸ்டேஷன்ல எறங்கி வேற பெட்டில ஏறிக்கலாம்.

கெழவனுக்கு ஏன் இவ்ளோ அக்கறைன்னு யோசிக்கற. யோசி. காட்டுப்பள்ளித் துறைமுகத்தப் பெருசாக்கறாங்கன்னு பேச்சு வந்துச்சி, ஞாபகம் கீதா? 330 ஏக்கர 6,000 ஏக்கருக்கு மேல கொண்டுபோற திட்டம். ஜனங்க கருத்தக் கேக்கறோம்னு 2021லயும் 2023லயும் தேதி வெச்சி, தள்ளி வெச்சாங்க. இது மாதிரி கூட்டம் நம்ம பக்கம் எப்ப வேணா எதுக்கு வேணா வரும், கம்பெனிக்கா பஞ்சம்? கலெக்டர் ஒக்காருவாரு, மாசு கட்டுப்பாட்டு வாரியத்துக்காரங்க ஒக்காருவாங்க. முழு அறிக்கை இங்கிலீஷ்ல, தலைகாணி தண்டிக்குக் கெடக்கும். நம்ம கைக்குத் தமிழ்ல வர்றது சுருக்கம், பத்திரிகை மடிப்பாட்டம். சுருக்கினவன் எதை வுட்டான்னு சுருக்கத்துல இருக்காது. தலைகாணிய ஒருத்தன் படிச்சி, எங்க கெணத்தப் பத்தி இத்தனாவது பக்கத்துல இப்டிப் போட்டிருக்கீங்களே, எந்த மாசம் வந்து தண்ணி எடுத்தீங்கன்னு எழுந்து கேக்கணும். தமிழ்லயே கேக்கலாம். ஆனா படிச்சாத்தானே கேப்ப? அதுக்குக் கம்பெனி சார்பா கோட்டு போட்டவன் எழுந்து இங்கிலீஷ்ல பதில் சொன்னா, அப்ப நீ கம்பத்துக்குப் பின்னாடி போயிடக் கூடாது. அந்தப் பந்தல்ல கம்பம் மூங்கில்.

நாளைக்கே ஆரம்பி. எறாலுக்கு வரி போட்டது நாயமா அநியாயமான்னு எடு, நீ ட்ரம்ப் கட்சி. திரும்பி வர்றப்ப ஸ்டேஷன் கடைல நாலு பேருக்கும் டீ, என் கணக்குல எழுதிக்கச் சொல்லியிருக்கேன். ஆனா கடைக்காரர்கிட்ட இன்னொண்ணும் சொல்லி வெச்சிருக்கேன். ‘எவ்ரி காயின் ஹேஸ் டூ சைட்ஸ்’னு எவன் வாய்ல வந்துச்சோ, அன்னிக்கு டீயோட போண்டாவும் சேத்து அவன் கணக்கு.